பால் காய்ச்சிய கக்கூஸ்

அன்றைய கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்: தலைவர், பொருளாளர், பூசாரி, என் அண்ணன், செயலாளர் என்ற முறையில் நான். வராதவர்கள்: அந்தக் கக்கூஸ் யாருக்காகக் கட்டப்பட இருந்ததோ அவர்கள். எங்கள் வரிசை வீட்டுப் பெண்களை யாரும் கூப்பிடவில்லை. வேண்டுமென்றே விட்டதாகச் சொல்ல முடியாது. கூப்பிட வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான். கூட்டம் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி எல்லாருக்கும் தேநீர் கலக்கிக்கொண்டிருந்தார். அதையும் சேர்த்துக்கொண்டால், ஒரு பெண் முக்கால்வாசி வந்திருந்தார் என்று கூட்டக் குறிப்பில் எழுதியிருக்கலாம். நான் எழுதவில்லை.

மலாக்காவில் காஜா பேராங் சாலையை விட்டு உள்ளே திரும்பினால், ஒரே தகரக் கூரையின் கீழ் ரயில்பெட்டி மாதிரி நீண்டு கிடந்தன எங்கள் வீடுகள். பின்னால் ஒரு வாளிக் கக்கூஸ் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு மழைக்காலத்தில் அது பக்கவாட்டில் சாய்ந்து, பிறகு உட்கார்ந்து, கடைசியில் படுத்துவிட்டது. ஆண்களுக்குப் பெரிய கஷ்டமில்லை. காப்பிக் கடைக்குப் பின்னால் ஒன்று இருந்தது. ஒரு கோப்பை காப்பி குடித்தால் உபயோகித்துக்கொள்ளலாம். பெண்கள் விடியும் முன்னும் இருட்டிய பின்னும் பின்புறத்து ஓடையைத் தாண்டிப் புதருக்குப் போனார்கள். ஓடையின் குறுக்கே ஒரு தென்னந்துண்டு கிடந்தது. அதுதான் பாலம்.

முந்தின வருஷ மழையில் அந்தத் துண்டில் அண்ணி வழுக்கி விழுந்தார். அப்போது அவர் பிள்ளை உண்டாகியிருந்தார். அந்தப் பிள்ளை தங்கவில்லை. இந்த வருஷம் மறுபடியும் உண்டாகியிருந்தார். வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. துண்டு அங்கேயே கிடந்தது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய் ஆங்கிலம் எழுதக் கற்றுக்கொண்டவன் நான் ஒருவன்தான். பரீட்சை எழுதிவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். வேலை இல்லாத படித்தவன் ஒருவன் கையில் கிடைத்தால் ஊர் அவனைச் செயலாளர் ஆக்கிவிடும். நகரசபைக்கு நான் மனு எழுதினேன். இருமல் மருந்துப் பாட்டில் மூடியை எப்படித் திறப்பது என்று கேட்டுக்கூட எங்கள் வீட்டு வாசலில் ஆள் நின்ற காலம் அது. என் ஆங்கிலத்தின் மேல் எனக்கே பெரிய மரியாதை இருந்தது. மனுவில் ‘தேசத்தின் ஆரோக்கியம்’ என்பதை மூன்று இடத்தில் சேர்த்திருந்தேன். நகரசபை சம்மதித்தது. செங்கல், சிமெண்டு, தகரம், கொத்தனார் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கட்டி முடித்துத் தருவார்கள். சுத்தமாக வைத்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. சுகாதார இலாகா இன்ஸ்பெக்டர் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியானால் இரண்டாவது ஒன்றும் கட்டித் தருவார்கள்.

கடிதத்தோடு ஒரு சிறு புத்தகமும் வந்தது. ஊர்ச் சுகாதாரத்தை எப்படி வளர்ப்பது என்று அதில் விளக்கியிருந்தார்கள். நான் அதை இரண்டு முறை படித்து, பென்சிலால் கோடு போட்டு, கூட்டத்தில் தமிழில் சொன்னேன். கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது, மக்கள் அதைத் தங்கள் சொந்த வீடு போல நினைக்க வேண்டும், அப்போதுதான் பயன்படுத்துவார்கள் என்று அதில் போட்டிருந்தது.

தலைவர் முன்பு ரப்பர்த் தோட்டத்தில் கூலிகளை மேய்க்கும் மண்டோராக இருந்தவர். இப்போது மாடு வைத்திருந்தார். எங்கள் வரிசைக்கே அவர்தான் பால் ஊற்றுவார். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திறந்தார்.

“சொந்த வீடு மாதிரின்னா போட்டுருக்கான்?”

“ஆமாங்க.”

“வெள்ளக்காரன் எழுதுன பொஸ்தகத்துலயே?”

“ஆமாங்க.”

“அப்ப பால் காய்ச்சாம எப்படி லா?”

அண்ணனுக்குத் தேநீர் புரையேறிவிட்டது. அவன் லாரி ஓட்டுகிறவன். சபை நாகரிகம் தெரியாது. “கக்கூஸ்லயா பால் காய்ச்சறது?” என்றான்.

“புதுக் கட்டடமா இல்லியா, அத மொதல்ல சொல்லு. கூரை இருக்குதா? கதவு இருக்குதா? வாசப்படி இருக்குதா?”

“இருக்கும்.”

“அப்புறம் என்ன? அது வீடுதான்.”

எல்லாரும் பூசாரியைப் பார்த்தார்கள். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார். “இன்னும் ஒருத்தரும் போகலியே. போனாத்தானே தீட்டு? இப்ப அது வெறும் செங்கல்லு. செங்கல்லுக்கு என்ன தீட்டு?” என்றார். இதைவிடத் தெளிவான நியாயத்தை நான் பள்ளிக்கூடத்தில்கூடக் கேட்டதில்லை.

பொருளாளர் மளிகைக் கடைக்காரர். தேங்காய், சூடம், ஊதுபத்தி, மஞ்சள், எல்லாவற்றையும் அடக்க விலைக்கே தருவதாக முன்வந்தார். அடக்க விலை என்னவென்று அவருக்கு மட்டும்தான் தெரியும். விழாவுக்கு வீட்டுக்கு இரண்டு வெள்ளி வசூல் என்று முடிவாயிற்று. “நாளைக்கு நாடு நம்ம கைக்கு வரப்போவுது. நம்மளப் பத்தி நாலு பேரு பேசணும்” என்றார் தலைவர். பேசினார்கள். அது பிறகு.

கொத்தனார் வந்து அளந்தபோது பூசாரி கூடவே நின்றார். வாசல் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும் என்றார். கொத்தனார் சீனர், தலையைச் சொறிந்துகொண்டு, கிழக்கே காப்பிக் கடை இருக்கிறதே என்று மலாயில் சொல்லிப் பார்த்தார். சூரியனும் அங்கேதான் இருக்கிறது என்று பூசாரி மலாயிலேயே பதில் சொன்னார். வாசல் காப்பிக் கடையைப் பார்த்து நின்றது.

பெயர்ப்பலகைக்கு ஒரு தனிக் கூட்டம். ‘கக்கூஸ்’ என்று எழுதினால் நகரசபை உறுப்பினர் வந்து எப்படி நாடா வெட்டுவார் என்று பொருளாளர் கவலைப்பட்டார். கடைசியில் நீல எழுத்தில் ‘சுகாதார மண்டபம்’ என்று எழுதி மாட்டினோம். எழுதியது நான். எழுத்து அழகாக வந்திருந்தது என்று எல்லாரும் சொன்னார்கள்.

திறப்பு விழா காலையில் நடந்தது. வாசலில் வாழைமரம், மாவிலைத் தோரணம், ஒலிபெருக்கியில் நாதஸ்வர இசைத்தட்டு. உள்ளே சிமெண்டுப் பலகை பளபளவென்றிருந்தது. அதன் நடுவில் ஓட்டை. ஓட்டையின் இரு பக்கமும் கால் வைத்து உட்கார இரண்டு பாத மேடைகள், பாதத்தின் வடிவத்திலேயே வார்த்திருந்தார்கள். ஓட்டையின் மேல் தலைவாழை இலை போட்டு மறைத்து, இலை பறக்காமல் இருக்க ஒரு குத்துப் பூ வைத்தார்கள். இரண்டு பாதத்திலும் பூசாரி மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். ஒன்றையும் பாக்கி விடக் கூடாது என்பது அவர் கொள்கை.

பால் காய்ச்ச ஒரு சுமங்கலி வேண்டும். பிள்ளை உண்டாகியிருப்பவள் என்றால் இன்னும் விசேஷம். அண்ணியைக் கூப்பிட்டார்கள். கக்கூஸ் விஷயத்தில் அவரை முதன்முதலாகக் கூப்பிட்டது அப்போதுதான். அந்தச் சின்ன இடத்தில் மூன்று செங்கல்லை வைத்து, வயிற்றைச் சாய்த்து உட்கார்ந்து, புகையில் கண் கசங்க ஊதி ஊதி அவர் பாலைப் பொங்க வைத்தார். கிழக்குப் பக்கமாகப் பொங்கியது. “பொங்கிருச்சு!” என்று தலைவர் கத்தினார். குலவை போட்டார்கள்.

நகரசபை உறுப்பினர் நாடாவை வெட்டி, எட்டிப் பார்த்து, ஆங்கிலத்தில் பேசினார். சுதந்திர நாட்டின் மக்கள் சுகமான மக்களாக இருக்க வேண்டும் என்றார். நான் மொழிபெயர்த்தேன். கைதட்டினார்கள். பக்கத்தில் நின்ற அண்ணி, “தம்பி, எப்ப தொறப்பாங்க?” என்று மெதுவாகக் கேட்டார்.

“இப்பத்தானே அண்ணி தொறந்தாங்க.”

“அது தெரியுது. எப்ப தொறப்பாங்க?”

அந்தக் கேள்வி அப்போது எனக்குப் புரியவில்லை. விழா முடிந்ததும் தலைவர் கதவைச் சாத்தி, வெளியே பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை எடுத்துக்கொண்டு போனபோது புரிந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து பார்க்கிற வரைக்கும் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவர் சொன்ன முதல் காரணம். சுத்தமாக இருக்க ஒரே வழி, ஒருவரும் உள்ளே போகாமல் இருப்பது. இதற்கு என் புத்தகத்தில் பதில் இல்லை. இரண்டாவது காரணத்தைத் தலைவர் சொல்லவில்லை, ஊரே சொன்னது. சூடம் காட்டி, பால் பொங்கி, குங்குமம் வைத்த இடத்தில் எப்படி உட்காருவது? நான் பூசாரியிடம் போனேன்.

“வெறும் செங்கல்லுன்னீங்களே?”

“அது அப்ப. இப்ப சாமிய அழைச்சாச்சே.”

“அனுப்பி வெச்சிட முடியாதா?”

“வா வான்னு கூப்பிட்டு, போ போன்னு சொல்ல அது ஒன் கூட்டாளியாடா?”

முதல் வெள்ளிக்கிழமை யாரோ படியில் ஒரு அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை பூட்டில் ஒரு முழம் மல்லிகை தொங்கியது. பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார்கள். செமாபோக்கிலிருந்து உறவுக்காரர் வீட்டுக்கு வந்த ஒரு அம்மாள் கதவின் இடுக்கு வழியாகப் பாதத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். பொருளாளர் கடையில் சூடம் நன்றாக விற்றது. அதுவும் அடக்க விலைதான்.

நான் சும்மா இருக்கவில்லை. தலைவரிடம் போய் நின்றேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

“ஐயா, இது ஜனங்க உபயோகத்துக்குக் கட்டுனது.”

“யாரு இல்லன்னா?”

“அண்ணி தெனமும் அந்தத் துண்டு மேலதான் போறாங்க. போன வருஷம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.”

அவர் வாளியைக் கீழே வைத்தார். “எனக்கு மட்டும் ஆசையாடா? இன்ஸ்பெக்டர் வரட்டும், ரெண்டாவது கட்டிக் குடுப்பான். அதுல பூசை கீசை ஒண்ணும் வேணாம். அதுல போவட்டும்” என்றார்.

இரண்டாவது கக்கூஸ் கிடைக்க முதல் கக்கூஸைப் பூட்டி வைக்க வேண்டும் என்ற திட்டம் அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது. வீட்டில் சொன்னேன். அண்ணன் எழுந்து போய், தென்னந்துண்டின் மேல் கோணிச்சாக்கைச் சுற்றிக் கயிற்றால் கட்டிவிட்டு வந்தான். எங்கள் ஊர்ச் சுகாதாரத்தில் அந்த மாதம் நடந்த ஒரே முன்னேற்றம் அது.

ஒருநாள் விடியற்காலை தொடங்கிய மழை முற்பகலில்தான் விட்டது. விட்டதும் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். காலையிலிருந்து குருபோங் பக்கம் கிணறுகளைப் பார்த்துவிட்டு, நனைந்து வந்திருந்தார். அவர் மலாக்கா செட்டி. அந்தச் செட்டிகள் எங்கள் தாத்தாக்கள் கப்பல் ஏறுவதற்குப் பல தலைமுறை முன்பே இந்த ஊருக்கு வந்துவிட்டவர்கள். கோயிலில் எங்களைவிட முறையாகக் கும்பிடுவார்கள். பேசுவது மட்டும் மலாய்; பெயர்ப்பலகையைப் படிக்க அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. நாங்கள் எல்லாரும் வாசலில் காத்து நின்றோம்.

அவர் தோரணத்தைப் பார்த்தார். படியில் அகலைப் பார்த்தார். தலைவர் பூட்டைத் திறந்து கதவை விரித்ததும், உள்ளே மஞ்சளும் குங்குமமுமாக இரண்டு பாதங்களைப் பார்த்தார். உடனே சப்பாத்தைக் கழற்றினார். காலுறையையும் கழற்றினார். அங்கிருந்த தகரப் பீப்பாயில் தண்ணீர் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு, படியில் ஏறி, இரண்டு கையையும் கூப்பிக் கண்ணை மூடினார்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை. எப்படித் திறப்பது? மனிதர் சாமி கும்பிடும்போது.

கண்ணைத் திறந்ததும், “இது எந்தச் சாமி?” என்று பணிவாக மலாயில் கேட்டார். தலைவர் பொருளாளரைப் பார்த்தார். பொருளாளர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி வானத்தைப் பார்த்தார்.

“கக்கூஸ், ஐயா,” என்றான் அண்ணன்.

கூப்பிய கை மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை நான் இப்போதும் பார்க்கிறேன். ஆனால் அவர் அரசாங்க ஆள், உடனே சமாளித்துக்கொண்டார். குனிந்து பலகையைப் பார்த்தார், மூலைகளைப் பார்த்தார், மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். மல்லிகை வாசம் அடித்தது.

“எத்தனை பேர் உபயோகிக்கிறார்கள்?”

“ஒருத்தர்கூட இல்ல ஐயா!” என்றார் தலைவர், நெஞ்சை நிமிர்த்தி. “அவ்வளவு சுத்தம்.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். படித்தவன் என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும். நான் தரையைப் பார்த்தேன். பிறகு அவர் தலைவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், தணிந்த குரலில், காலையிலிருந்து சைக்கிளிலேயே இருப்பதாகவும், தாம் ஒருமுறை அவசரமாகப் போக வேண்டியிருப்பதாகவும் சொன்னார். தணிந்த குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

“காப்பிக் கடைக்குப் பின்னால ஒண்ணு இருக்குங்க ஐயா,” என்றார் தலைவர்.

“இங்கேயே ஒன்று இருக்கிறதே.”

“இது... இத இப்பத்தான் கழுவி வெச்சோம்.”

அந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்தார். வீட்டுப் பக்கமிருந்து வரவில்லை, பின்புறத்திலிருந்து வந்தார். சேலை ஓரம் சேறு. கையில் தண்ணீர் டின். முகம் வெளுத்திருந்தது.

“ஓடையில தண்ணி ஏறி, துண்ட அடிச்சிக்கிட்டுப் போயிருச்சு,” என்றார் அண்ணனிடம். “சாக்கோட போயிருச்சு. நான் கால வெக்கறதுக்குச் சித்த முன்னால.”

அண்ணி அவனைத் தாண்டித் தலைவர் முன்னால் போய் நின்றார்.

“வழிய விடுங்க மாமா.”

“அம்மா, கொஞ்சம் பொறும்மா. சாமி அழைச்ச எடம்.”

“பால் காய்ச்சினது யாரு?”

“நீதான்.”

“கண்ணு எரிய எரிய நான்தான் காய்ச்சினேன். பால் காய்ச்சிட்டுக் குடிபோவாம பூட்டிப் போட்ட வீடு வெளங்குமா? நீங்களே சொல்லுங்க. எத்தன நாளு பூட்டி வெச்சிருக்கீங்க? இதுதான் மாமா தோஷம்.”

தலைவர் பூசாரியைத் திரும்பிப் பார்த்தார். பூசாரி தாடையைச் சொறிந்தார். பால் காய்ச்சிய வீட்டைப் பூட்டி வைக்கக் கூடாது என்பதை அவரால் மறுக்க முடியாது. ஊரில் எத்தனையோ வீட்டுக்கு அவரே சொன்னதுதான். “அது வாஸ்தவந்தான்,” என்றார் கடைசியில். “குடிபோயிரணும்.”

அண்ணி அகலை எடுத்து ஓரமாக வைத்தார். பாதங்களை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டார். பிறகு டின்னோடு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். கதவு திறந்துகொண்டது. மறுபடி சாத்தினார். மறுபடி திறந்துகொண்டது.

“தம்பி!” என்று உள்ளிருந்து குரல் வந்தது. “உள்ள தாழ்ப்பாளே இல்ல!”

உண்மைதான். நகரசபைக் கொத்தனார், தாழ்ப்பாள் உங்கள் விருப்பம்போல் போட்டுக்கொள்ளுங்கள் என்று விட்டுப்போயிருந்தார். நாங்கள் விரும்பியது வெளியே பூட்டு. கதவுக்கு நேர் எதிரே காப்பிக் கடை, அதில் மழைக்கு ஒதுங்கிய கூட்டம்.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தலைவரின் மனைவி வந்தார். கதவை வெளியிலிருந்து தள்ளிச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து, இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் கையிலும் ஒரு டின் இருந்ததை அப்போதுதான் கவனித்தோம்.

“என்ன வேடிக்க? எல்லாம் அந்தாண்ட திரும்புங்க!” தலைவர் அசையாமல் நின்றார். “ஒனக்குந்தான் சொல்றேன்யா, திரும்பு!”

திரும்பினோம். தலைவர், பொருளாளர், பூசாரி, நான், அண்ணன், காப்பிக் கடையில் இருந்தவர்கள், எல்லாரும் வரிசையாகச் சாலையைப் பார்த்து நின்றோம். எங்களுக்குப் பின்னால் டின்கள் சேரும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. வரிசை வீட்டுப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். இன்ஸ்பெக்டர் மட்டும் சாலையைப் பார்க்கவில்லை. சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, வரிசையின் கடைசியில் போய் நின்றுகொண்டார். அவருடைய முறை வர வெகுநேரமாயிற்று. அவர் எங்களுக்கு இரண்டாவது கக்கூஸைச் சிபாரிசு செய்ததற்கு அந்தக் காத்திருப்பே காரணம் என்று நான் நம்புகிறேன்.

அண்ணிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மருத்துவச்சி கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல கனம் என்றார்.

அடுத்த கூட்டத்துக்குப் பெண்களும் வந்தார்கள். கூப்பிடாமலே வந்தார்கள். ஒலிபெருக்கி, மாலை, வாழைமரம், தட்சிணை, அடக்க விலைத் தேங்காய் என்று பொருளாளர் விழாக் கணக்கை வாசித்தார்: தொண்ணூற்றொரு வெள்ளி நாற்பது காசு. பிறகு தலைவரின் மனைவி எழுந்து, காப்பிக் கடைப் பக்கம் மறைக்க ஒரு பழைய தகரத் தட்டியும் உள்ளே ஒரு தாழ்ப்பாளும் வேண்டும் என்றார். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. அதற்கு மூன்று வெள்ளி இருபது காசு. ஆக, நகரசபை எங்களுக்கு இலவசமாகக் கட்டிக் கொடுத்த கக்கூஸுக்கு எங்கள் கையிலிருந்து போனது மொத்தம் தொண்ணூற்று நாலு வெள்ளி அறுபது காசு.